சித்தப்பா உள்ளே இருக்கிறார்

சித்தாளுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு அவள் டிவி பார்க்காததே காரணம்.

படிப்பு என்று பார்த்தால் பன்னிரண்டாவது, அதுவும் தட்டுத்தடுமாறி. கல்யாணமான மறுமாதமே, கொத்தனாரான புருஷனோடு சித்தாள் வேலைக்குப் போனவள். தலையில் சும்மாடும் சும்மாட்டின் மேல் கலவைச் சட்டியுமாக யார் யாருடைய வீட்டுக்கோ மாடி ஏறியிருக்கிறாள். சாரக்கட்டை ஒருநாள் புரண்டு, விழுந்த வேகத்தில் வலது முழங்கால் சில்லு இடம் மாறிப்போனது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இனிமே ஏறி இறங்குற வேலைக்குப் போனா, அப்புறம் படுக்கிற வேலைதான் மிச்சம்" என்றார்.

அக்கா வீட்டுக்காரர், 'சொல் புதுப்பிப்புக் கழகம்' என்ற நிறுவனத்தின் மேலாளருக்குக் கார் ஓட்டுகிறார். அவர்தான் வழி சொன்னார்.

"உட்கார்ற வேலை. கொஞ்ச நாள் தற்காலிகம். அப்புறம் குழு வச்சு நிரந்தரம் பண்ணுவாங்க. பண்ணிட்டா கால் மேல கால் போட்டுக்கலாம்."

"ஒரு கால் நேரா நின்னாலே போதும் மாமா" என்றாள் சித்தாள்.

நிரந்தரம் ஆகாவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. கொத்தனார் அவளுடைய சும்மாட்டுத் துணியைத் துவைத்து மடித்து, கை எட்டும் இடத்தில் வைத்திருந்தான்.

நேர்காணலில் மேலாளர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் துருவினார்.

"டிவி பார்ப்பீங்களா?"

"எங்க சார். விடியறதுக்குள்ள கிளம்பினா பொழுது சாய வருவோம். வந்தா அடுப்பு. கட்டையைக் கீழ போட்டா போதும்னு இருக்கும்."

"'தாழ்ப்பாள் தகராறு'ன்னு ஒரு நகைச்சுவைத் தொடர். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க மாமியார் பார்ப்பாங்க. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன்."

"திரும்பினதே இல்லையா?"

"சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்கும் சார்."

மேலாளர் பேனாவை மூடினார். "சத்தம் பரவாயில்லை" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

'தாழ்ப்பாள் தகராறு' முடிந்து பல வருஷம் ஆகிறது. ஆனால் ஏதாவது ஒரு சேனலில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு சேனலும், இன்றைக்கு என்ன கதை என்று திரையின் அடியில் இரண்டு வரி போட வேண்டும். ஒரு சேனலின் வரி இன்னொரு சேனலின் வரியைப் போல இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். எழுதிக் கொடுப்பது கழகம். நம்மைப் போன்ற ஆட்களாக இருந்தால், தொடரைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொடுத்துவிட்டு வேறு ஜோலி பார்ப்போம். கழகம் அப்படிச் செய்யவில்லை. ஏன் என்பதை மேலாளர், புதிதாகச் சேர்பவர்களை நிற்க வைத்துச் சொல்வது வழக்கம். சித்தாளையும் நிற்க வைத்துத்தான் சொன்னார்.

"தொடரைப் பார்த்தா என்ன ஆகும்? கதை தெரிஞ்சிடும். கதை தெரிஞ்சவன் சும்மா இருப்பானா? கதையை எழுதுவான். அது எழுத்தாளன் வேலை. அதுக்கு வேற சம்பளம், வேற சங்கம். நம்ம வேலை வாக்கியம். ஒரு வாக்கியத்தைப் பார்த்து இன்னொரு வாக்கியம். கண்ணாடிக்கு முன்னால கண்ணாடி வைக்கிற மாதிரி. நடுவுல மூஞ்சி வந்துடக்கூடாது."

அதனால் தொடரைப் பார்ப்பது கழகத்தில் குற்றம். பார்த்தவருக்கு அன்றே சீட்டுக் கிழியும். வேலை நேரத்தில் சிரிப்பது அதற்கு அடுத்த குற்றம். சிரித்தால் எங்கோ கதை கசிந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த மேசையில் கசிவு என்று மேலாளர் தன் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து பார்ப்பார்.

மேசைகள் மூன்று. பெயர்மேசை பெயர்களை மட்டும் மாற்றும். அடைமேசை 'பெரிய', 'மெல்ல' போன்றவற்றை மாற்றும். வினைமேசை, நடக்கிறதையும் விழுகிறதையும் மாற்றும். சித்தாள் வினைமேசை. ஒவ்வொரு மேசையிலும் ஓட்டை போட்ட ஒரு தகடு இருக்கும். அதை வாக்கியத்தின் மேல் வைத்தால் அவரவர் சொல் மட்டும் தெரியும், அக்கம்பக்கம் தெரியாது. சித்தாளின் ஓட்டை வழியே யாரோ எப்போதும் விழுந்துகொண்டிருந்தார்கள், ஓடிக்கொண்டிருந்தார்கள், திட்டிக்கொண்டிருந்தார்கள். யார், எதற்கு என்பது தகட்டுக்கு அடியில் இருந்தது.

மாற்றுச் சொல்லை இஷ்டத்துக்குப் போட முடியாது. நடைக்கோடியில் இருக்கும் கிடங்கில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு சொல் வெளியே போனால் அந்த மாசம் முழுக்க அது திரும்பி வராது. கிடங்குக்காரர், சிமெண்டு கொடுக்கிற மேஸ்திரி மாதிரிதான், மூக்கால் பேசுவார்.

"'சிரி'க்கு என்னண்ணே இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. 'நகை' போன வாரமே போயிடுச்சு. 'முறுவல்' இருக்கு, அது பெயர்மேசைக்கு ஒதுக்கினது."

"அப்ப நான் என்ன பண்றது?"

"அழுகை நிறைய தங்கிக் கிடக்கு. தேம்பு, விம்மு, கலங்கு, கண்ணீர் விடு. காமெடித் தொடர்ங்கிறதால யாரும் எடுக்கிறதில்ல. ரெண்டு எடுத்துக்கோ."

"சிரிக்கிறதும் அழறதும் ஒண்ணாண்ணே?"

"ரெண்டுக்கும் வாயைத் திறக்கணும்ல" என்று எடுத்து நீட்டினார்.

இப்படி மூன்று மேசையும் சுற்றி வந்த வாக்கியத்தை ஒப்பீட்டுப் பெட்டிக்குள் விடுவார்கள். பழையதைப் போலவே இருந்தால் சிவப்பு எரியும். வேறாக இருந்தால் பச்சை. பச்சை எரிந்தது சேனலுக்குப் போகும், அடுத்த சேனலுக்காக மறுபடி பெயர்மேசைக்கே வரும். முதலில் 'மாமா நாற்காலியிலிருந்து விழுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள்' என்று இருந்த ஒன்று, 'தாய்வழி உறவினர் பீடத்திலிருந்து சரிகிறார், அனைவரும் கண்ணீர் விடுகிறார்கள்' என்றாகி, சித்தாள் வந்த காலத்தில் 'தாய்வழிச் சொந்தம் அரியணையிலிருந்து அகற்றப்படுகிறது, சர்வ ஜனங்களும் துக்கம் அனுசரிக்கிறார்கள்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பச்சை அமோகமாக எரிந்தது.

சித்தாள் வேலையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் கனம் இல்லை, காலுக்கு ஏற்றம் இல்லை. தற்காலிகம் முடியும் தறுவாயில்தான் அந்தக் கூட்டம் வந்தது.

காலையில் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற குடைக்காரர் கையில் ஓர் அட்டை. 'இளைய பிதாவை விடுதலை செய்' என்று அதில் எழுதியிருந்தது.

மேலாளர் இறங்கிப் போனார். சித்தாளும் மற்றவர்களும் ஜன்னலில் நின்றார்கள்.

"எங்கய்யா வச்சிருக்கீங்க அவரை?" என்றார் குடைக்காரர்.

"நாங்க யாரையும் வைக்கலை. அவர் வாக்கியத்துல இருக்கார்."

"டிவியில போட்டிருக்கீங்களே, சிறையில அடைச்சாச்சுன்னு. எந்த ஊர் சிறை?"

மேலாளர் உள்ளே வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார். "ஊர் பெயர் எங்ககிட்ட இல்லை. அடைமேசையில 'தொலைவான'ன்னு மட்டும் இருக்கு."

கூட்டம் கொதித்தது. தொலைவான சிறையா என்று ஒரு அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மேலாளர். "அடுத்த வாரம் வேற சேனலுக்குப் போகும்போது சிறையை எடுத்துட்டுக் காப்பகம் போடறோம். கிடங்குல இருக்கு."

குடைக்காரர் தன் ஆட்களோடு கலந்து பேசினார். காப்பகம் என்பது பாதி வெற்றி என்று முடிவாகி, எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள்.

சித்தாள் பக்கத்து மேசைக்குச் சாய்ந்தாள். பெயர்மேசைக்காரர் நரைத்த மீசைக்காரர். பல வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறார்.

"யாருண்ணே அந்த இளைய பிதா?"

"என்கிட்ட வரும்போது 'சிறிய தகப்பன்'னு வந்தார். அதுக்கு முந்தின சுத்துல என்னவா இருந்தாரோ. வந்த சொல்லைப் பார்த்தா போதும்மா. போன சொல்லைத் தேடினா மூளை குழம்பிடும்."

மேலாளருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு வாக்கியத்துக்காக ஊர் திரண்டு வருவது லேசா? அந்த வாரமே சித்தாளின் நிரந்தரத்துக்குக் குழு கூடுவதாக இருந்தது. தேர்வுக்கு அந்த வாக்கியத்தையே வைத்துவிட்டார்.

"மூணு மேசை வேலையையும் குழு முன்னால நீங்க ஒருத்தரே செய்யணும். தேறினா நிரந்தரம். தேறலைன்னா, மன்னிச்சுக்கோங்க, உங்க பழைய வேலை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

தகடு இல்லாமல் ஒரு வாக்கியத்தை முழுசாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

'புனித நீர் மண்டபத்தின் நுழைவு உடன்பட மறுக்க, இளைய பிதா தொலைவான சிறையில் அடைபடுகிறார். சகல குடிகளும் அந்நிய மண்ணில் அணிதிரண்டு தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்.'

நாலு தரம் படித்தாள். ஒன்றும் ஓடவில்லை. தலையில் தூக்குவதற்கு முன் சட்டியில் இருப்பது மணலா ஜல்லியா என்று தெரிய வேண்டும். தெரிந்தால்தான் கழுத்தை எப்படி வைப்பது என்று தெரியும். இதில் என்ன இருக்கிறது என்றே பிடிபடவில்லை. மறுநாள் குழு.

சாயந்திரம் வீட்டில் மாமியார் வழக்கம்போல வீங்கின காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தாள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"அத்தை, உங்க தொடர்ல யாராவது மாட்டிக்கிற கதை இருக்கா?"

"எல்லாக் கதையிலயும் எவனாச்சும் மாட்டுவான்டி. அதுல எது?"

"புனித நீர் மண்டபம்னு வருது."

"கோயிலா? அதுல ஏது கோயில், குளம். ஒரே வீடு, ஒரே கூடம்."

"இளைய பிதா சிறைப்படறாராம்."

"பிதான்னா அப்பன். இளைய அப்பன்னா..." மாமியார் காலை முக்காலியிலிருந்து இறக்கினாள். "அடியே, சித்தப்பாடி அது. குளிக்கப் போயி உள்ள மாட்டிப்பானே. நேத்து ஒரு சேனல்ல போட்டான். இன்னைக்கு இன்னொண்ணுல போடுவான் பாரு."

சரியாகச் சொல்லிவைத்தாற்போல அது ஓடியது. சித்தாள் குழாயை மூடினாள். சட்டம் தெரியும், சீட்டுக் கிழியும் என்றும் தெரியும். ஆனால் நாளைக்கு இந்த வாக்கியத்தைத் தூக்க முடியாவிட்டாலும் சீட்டுக் கிழியத்தானே போகிறது. ஈரக் கையோடு திரும்பி நின்றாள்.

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு சித்தப்பா குளியலறைக்குள் இருந்து கதவைத் தள்ளுகிறார். அசையவில்லை. கூச்சல் கேட்டு வெளியே அண்ணன், அண்ணி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒவ்வொருவராகக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே தள்ளத் தள்ள, வெளியே இழுக்க இழுக்க, கதவு கல்லாக நிற்கிறது. தச்சரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து எல்லோரையும் விலக்கி, அளவு நாடாவை எடுக்கலாம் என்று கதவில் லேசாகச் சாய்கிறார். கதவு உள்பக்கம் திறந்து, தச்சர் பையோடு போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறார். சித்தப்பா ஒரே ஓட்டமாக வெளியே வந்து, ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்துகிறார். உள்ளே தச்சர் அலறுகிறார். வெளியே இழுக்கிற வரிசையில் இப்போது சித்தப்பாவும் சேர்ந்துகொள்கிறார்.

சித்தாளால் நிற்க முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். வயிறு வலித்தது. அடுத்து என்ன என்று தெரிந்த மாமியாரும் புதிதாகப் பார்ப்பது போலச் சிரித்தாள்.

"இத்தனை வருஷம் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னியே பாவி" என்று அவள் முதுகிலேயே ஒன்று வைத்தாள்.

கை கால் கழுவிவிட்டு வந்த கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "கதவு நிலை வச்சவனை உதைக்கணும்" என்றான். "ஈரம் படற எடத்துல உள்பக்கம் திறக்கிற மாதிரி கதவு வச்சா உப்பாம என்ன பண்ணும்?"

குழு இரண்டு மாடிக்கு மேலே கூடியது. லிஃப்ட் அதிகாரிகளுக்கு. சித்தாள் கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முன்னே வைத்து, கெட்ட காலை இழுத்து ஏறினாள். ஒவ்வொரு படியும் டாக்டர் சொன்னதைச் சொல்லிக்காட்டியது. மேலே குழுத் தலைவர், மொழி வல்லுநர், மேலாளர் என்று மூவர் இருந்தார்கள். நடுவில் ஒப்பீட்டுப் பெட்டி.

முதலில் ஒழுங்காகத்தான் தொடங்கினாள். மண்டபத்துக்கு ஒரு சொல் தேடினாள். தேடும்போதே கண் முன்னால் தச்சர் பையோடு தொட்டியில் விழுந்தார். மண்டபம் வரவில்லை. கை, கண்டதை எழுதிவிட்டது.

'குளியலறையில் மாட்டிக்கொண்ட சித்தப்பா உள்ளிருந்து கதவைத் தள்ளுகிறார். வெளியே வீடே சேர்ந்து இழுக்கிறது. கதவோ உள்பக்கம் திறப்பது.'

பெட்டிக்குள் விட்டார்கள். சிவப்பும் எரியவில்லை, பச்சையும் எரியவில்லை. மேலாளர் பெட்டியைத் தட்டினார். மறுபடி விட்டார்கள். கடைசியில், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பெட்டி ஒரு சீட்டைத் துப்பியது. அப்படி ஒரு சீட்டு அதற்குள் இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"மண்டபம் எங்கம்மா?" என்றார் மொழி வல்லுநர். "தீர்மானம் எங்கே? அந்நிய மண் எங்கே? யார் இந்தச் சித்தப்பா? மூலத்தில் இப்படி ஒருவர் இல்லையே."

"அவர்தான் சார் இவர்."

"எவர்தான் எவர்? இளைய பிதாவுக்காக ஊர்வலமே வந்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவுக்காக யார் வருவார்கள்?"

குழுத் தலைவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க தொடரைப் பார்த்தீங்களா?"

ஆமாம் என்றால் இறங்க வேண்டியது இந்த இரண்டு மாடி மட்டும்தான். அதற்கப்புறம் ஆயுசுக்கும் ஏற வேண்டியதை முழங்கால் கணக்குப் போட்டுப் பார்த்தது.

"இல்லை சார்."

"பின்ன எப்படி எழுதினீங்க?"

"தோணுச்சு சார்."

"தோணுச்சு" என்று தலைவர் திருப்பிச் சொன்னார். மற்ற இருவரையும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "பார்க்கலை. மூலத்தோட ஒட்டலை. அப்ப இது அந்தத் தொடரே இல்லை. இது புதுத் தொடர்."

"அதுக்கு எபிசோடே இல்லையே சார்" என்றார் மேலாளர்.

"எபிசோடை யார் பார்க்கறா? நீங்க பார்க்கறீங்களா? நான் பார்க்கறேனா? இத்தனை வருஷமா ஒரு தொடரை வச்சுக்கிட்டு, யாராவது அதைப் பார்த்துடுவாங்களோன்னு பயந்து பயந்து வேலை செஞ்சோம். இதுல அந்தப் பயமே இல்லை. நடிகன் இல்ல, கேமரா இல்ல, வெறும் வாக்கியம். இதைவிடச் சுத்தமான சரக்கு இந்தத் தொழில்ல இதுவரைக்கும் வந்ததில்லை."

மொழி வல்லுநரும், இப்போது பார்க்கையில் வாக்கியத்தில் ஒரு புதுமை மிளிர்வதாக ஒப்புக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் 'திறவாக் கதவு' என்று பெயர் வைத்து எல்லாச் சேனலுக்கும் விற்றுவிட்டார்கள். சித்தாள் நிரந்தரம் ஆனாள். 'தாழ்ப்பாள் தகராறு' தொடரையோ அதன் எந்தப் பகுதியையோ கண்ணால் கண்டதில்லை, இனியும் காணமாட்டேன் என்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். குரல் பிசிறாமல் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாத்திரம் தேய்த்தாள். "அடியே, இன்னைக்கு மாமா நாற்காலியிலேர்ந்து விழற கதைடி" என்று மாமியார் கூப்பிட்டுப் பார்த்தாள். "நீங்க பாருங்க அத்தை" என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

மறுவாரம் 'திறவாக் கதவு' மேசைக்கு வந்தது. எல்லாச் சேனலுக்கும் வேறு வேறாக வேண்டும். முதலில் பெயர்மேசை. நரைமீசைக்காரர் தகட்டை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எழுதாமலே உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே எழுந்து தாளோடு சித்தாள் மேசைக்கு வந்தார். அப்படி எழுந்து வந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"இங்க சித்தப்பான்னு வருதும்மா" என்றார் தணிந்த குரலில்.

"ஆமாண்ணே."

"எத்தனை வருஷமா சிறிய தகப்பன், இளைய பிதான்னு மாத்திக்கிட்டே இருந்தேன். ராத்திரி படுத்தா யாருடா இந்த ஆளு, என்ன ஆனாருன்னு ஓடும். அது இவர்தானா?"

சித்தாள் தகட்டை எடுத்துத் துடைத்தாள்.

"வெளிய வந்துட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பித் தொண்டையில் வந்து நின்றது. இழுக்கிற வரிசையில் கடைசி ஆளாக நுரை முகத்தோடு சித்தப்பா. வாயைத் திறந்தால் போதும், இந்த மனுஷனும் சிரித்துவிடுவார். கண்ணாடி அறைக்குள் மேலாளர் தலையைத் தூக்கினார்.

"எனக்கெப்படிண்ணே தெரியும்" என்றாள். "நான் பாக்கலையே."

"அதானே" என்றார் அவர். கையிலிருந்த தாளை ஒருதரம் பார்த்தார். "நீ எப்படிப் பார்த்திருப்பே" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்து, சித்தப்பாவை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஏதோ எழுதினார்.

தாள் அடைமேசை வழியாக அவளிடம் வந்தது. தகட்டை வைத்தாள். ஓட்டையில் யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள், யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் இந்த மாசம் என்ன கையிருப்பு என்று கேட்க எழுந்தாள். முழங்கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் கிடங்கு அதே மாடியில்தான் இருந்தது.